நெருப்பில்லாமல் கழற்றிய பேரிங்

மாட்டிக்கொண்ட பேரிங்கை எப்படிக் கழற்றுவது என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள், தம்பிகளா. அதைத்தான் உங்கள் செல்போனில் ஆயிரம் பேர் செய்து காட்டுகிறார்களே. நான் சொல்லப்போவது வேறு. சிவகாசியில் நாற்பது வருஷத்துக்கு மேல் டிராக்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு, பட்டறையை விட்டு வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நான் செய்ய இருந்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லப்போகிறேன். செய்திருந்தால் இதைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

டார்ச் பிடிப்பதில் என் கைக்கு ஒரு பெயர் உண்டு. எவ்வளவு துரு ஏறிய இரும்பாக இருந்தாலும், கேஸ் டார்ச்சால் வெளிக்கூட்டைச் சுற்றிச் சீராகச் சூடு காட்டி, மேலே இரண்டு தட்டுத் தட்டினால் பேரிங் கையில் வந்து விழும். மற்றப் பட்டறைக்காரர்கள் சம்மட்டியை வைத்து அடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தலைக்கனம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பேச்சியம்மாள் ஆனைக்குட்டத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு டிராக்டரில் டேங்கர் இழுத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். வண்டியை அவளேதான் ஓட்டுவாள். அது என்னைவிட மூத்த வண்டி. அவள் மாமனார் எங்கோ ஏலத்தில் எடுத்தது. அதைச் செய்த கம்பெனியே இன்றைக்கு இல்லை, பிறகு சாமான் எங்கே கிடைக்கும்? ஊரில் எல்லோரும் அதைப் ‘பெருசு’ என்றுதான் சொல்வார்கள்.

வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் பேச்சி பதினைந்து வருஷம் மருந்து ரூமில் வேலை பார்த்தவள். வெடிக்குள் போகிற பொடியைத்தான் எங்கள் ஊரில் மருந்து என்போம். ஒருநாள் அவள் இருந்த ரூமுக்கு அடுத்த ரூம் வெடித்தது. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். அன்றைக்கு வெளியே வந்தவள் திரும்ப உள்ளே போகவில்லை. மாமனார் வீட்டில் கோழி அடைந்து கிடந்த பெருசைக் கழுவித் துடைத்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, ரோட்டில் ஏற்றினாள்.

அந்தப் பெருசு ஒரு வியாழக்கிழமை காலையில் என் பட்டறை வாசலில் வந்து முடங்கியது. வலது பக்கப் பின்சக்கரத்தின் பேரிங் ஜாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்வளையம் நொறுங்கி வந்துவிட்டது, வெளிவளையம் மட்டும் ஆக்சில் முனையில் இருக்கிற வார்ப்புக் கூட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பேரிங்கைப் பிடித்து இழுக்கிற புல்லரை மாட்டினேன். புல்லரின் கால் வழுக்கியது. மறுபடி மாட்டினேன், மறுபடி வழுக்கியது. அடிக்கவும் பயம். பழைய வார்ப்பு, ஒரு அடி தப்பினால் விரிசல் விடும். விரிசல் விட்டால் மாற்றுக் கூடு கிடையாது, பெருசு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

“அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுதேன். இந்த வண்டி நின்னுச்சுன்னா எனக்கு வேற போக்கு இல்ல. மறுபடியும் மருந்து ரூமுக்குத்தான் போகணும்,” என்றாள் பேச்சி.

“எம்புட்டு நாளு தருவே?”

“திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கோம்னு கம்பெனியில சொல்லியிருக்காக.”

“அட போ தாயி, நாளைக்கே முடிச்சுத் தாரேன். டார்ச்சு எதுக்கு இருக்கு?” என்றேன். வாய் கொஞ்சமா நீளம் எனக்கு!

மறுநாள் காலையில் அந்தக் கம்பெனியின் போர்மேன் பைக்கில் வந்து இறங்கினார். சீசன் நேரம். தண்ணீர் இல்லாமல் வேலை பாதியில் நிற்கிறது என்று வந்ததிலிருந்து புலம்பல். பட்டறை வாசலில் வேறு ஒரு லாரிக்காரர், என் ஆட்கள் இரண்டு பேர், எதிர்க் கடையிலிருந்து டீ கொண்டுவந்தவர் என்று ஒரு சிறு கூட்டம். நான் டார்ச்சின் குழாயை இழுத்துப் போட்டேன்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால், நெருப்பு வைக்கும் முன் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டுவிடுவோம். நானும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்தபடியே, நாலு பேர் கேட்க, தெருவில் போகிறவனும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

“ஏ தாயி! இந்த வண்டியில மருந்து கிருந்து ஏத்துனியா?”

பேச்சி போர்மேனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “தண்ணி மட்டுந்தான் அண்ணாச்சி,” என்றாள்.

“நம்ம கம்பெனிக்குத் தண்ணி அடிக்கிற வண்டிங்க. இதுல வேற என்னத்த ஏத்தப் போறாக? வெரசா முடிங்க அண்ணாச்சி,” என்றார் போர்மேன்.

எனக்கு அது போதும். கேட்கவேண்டியதைக் கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது. கேஸைத் திறந்தேன். அந்த நேரத்தில் போர்மேன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இருந்த வேப்பமரம் வரைக்கும் போய் நின்றார். மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அப்போது அது உறைக்கவும் இல்லை.

லைட்டரை எடுத்து டார்ச்சின் மூக்குக்குக் கொண்டுபோனேன். பேச்சி பாய்ந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி, எலும்பு வலித்தது.

“பத்த வைக்காதீக அண்ணாச்சி. மருந்து இருக்கு.”

கேஸை மூடினேன். லாரிக்காரரையும் என் ஆட்களையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனதும், பயம் எல்லாம் கோபமாக மாறிவிட்டது எனக்கு.

“அட பாவி மகளே! கேட்டேனா இல்லையா? தண்ணின்னு சொன்னியே! இங்கன அஞ்சாறு உசுரு நிக்கி!”

“நீங்க கேட்டீக. போர்மேன் முன்னாடி நிக்கும்போது கேட்டீக,” என்றாள் பேச்சி. கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் உடையவில்லை. “அவருதான் குடுத்தாரு. ரூமுல கூட்டி அள்ளுன கழிவுப் பொடி. அத அங்கனயே குழியில போட்டு முறையா அழிக்கணும். அதுக்கு ஆளு இல்ல, நேரம் இல்லன்னு மூட்டை கட்டி என் சீட்டுக்குப் பின்னாடி வச்சு விடுவாரு. போற வழியில கல்குவாரிப் பள்ளத்துல கொட்டணும். மாட்டேன்னா தண்ணி லோடு கிடையாது. எப்பிடிச் சொல்ல நான்?”

சீட்டுக்குப் பின்னால் என்றால் ஆக்சிலுக்கு நேர் மேலே. மூட்டையிலிருந்து கசிந்தது எல்லாம் கீழே இறங்கி, கிழிந்துபோன ஆயில் சீல் வழியாகக் கிரீஸோடு கலந்து, பேரிங்கைச் சுற்றி அப்பியிருக்கிறது. முந்தின நாளே அந்தக் கிரீஸ் மினுங்குவதை நான் பார்த்தேன். பேரிங் தேய்ந்த இரும்புத்தூள் என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி மினுங்கிய கிரீஸ் எல்லாம் இரும்புத்தூளாகத்தான் இருந்தது, அதனால் யோசிக்கவே இல்லை.

“இரும்பு கையில குத்தும் அண்ணாச்சி. இது வெடிக்குப் போடுற அலுமினியப் பொடி, வழுவழுன்னு ஒட்டும். பதினஞ்சு வருசம் என் கையில ஒட்டுனது எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள்.

சந்தேகத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்து வெட்டவெளியில் கொளுத்திப் பார்ப்போமா என்று கேட்டேன். “ஏன், நான் சொன்னா நம்ப மாட்டீகளோ? கொளுத்திப் பாத்தவுக யாரும் வந்து சொன்னதில்ல,” என்றாள்.

அதற்குள் போர்மேன் வாசலுக்கு வந்துவிட்டார். “என்ன அண்ணாச்சி, பத்த வைக்கலியா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் இருந்த ஸ்பேனரால் அந்த ஆளை நாலு போடு போட்டிருப்பேன். தெரிந்தேதான் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறான் மனுஷன்! ஆனால் பேச்சியைப் பார்த்தேன். அவள் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. நான் கத்தினால் என் ஆத்திரம் தீரும், போவது அவள் பிழைப்பு. “கேஸு தீந்துபோச்சு. திங்கக்கிழமை பாப்போம்,” என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று ஏன் சொல்லவில்லை என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் நான் விரட்டினால் அவள் அடுத்த பட்டறைக்குப் போவாள். அங்கேயும் ஒருத்தன் நாலு பேர் முன்னால் கத்திக் கேட்பான். டார்ச் இல்லாவிட்டால் கிரைண்டரை வைத்து அறுப்பான், அதிலும் பொறி பறக்கும். இன்றைக்கு என் கையைப் பிடித்தவளுக்கு இன்னொரு தரம் அந்தத் துணிச்சல் வருமா? வராமல் போனால்? நான்தான் முடிக்கவேண்டும் என்று ஆனது. டார்ச் இல்லாமல், சம்மட்டி இல்லாமல், திங்கட்கிழமைக்குள்.

சுத்தம் செய்கிற வேலையில் அவள் சொன்னதுதான் சட்டம். நான் வெறும் எடுபிடி. பட்டறையில் கரண்டை நிறுத்தினோம், பெருசின் பேட்டரியைக் கழற்றினோம். என் ஆட்களுக்கு லீவு விட்டேன். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரும்புச் சாமான் எதையும் தொடாமல், மூங்கில் சிம்பாலும் எண்ணெயில் ஊறின பருத்தித் துணியாலும் அந்தக் கிரீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தோம். நான் அவசரத்தில் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து மேலே தெளிக்கப் போனேன். போட்டாள் ஒரு அதட்டல்.

“தெளிக்காதீக! இந்தப் பொடி லேசா நனைஞ்சாத்தான் உள்ளுக்குள்ள சூடாகும். தண்ணின்னா முங்க முங்க வேணும், இல்லாட்டி வேண்டவே வேண்டாம்.”

அப்படியே, பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, வழித்ததை எல்லாம் அதற்குள் முங்கடித்தோம். சாயங்காலம் அவள் கூட்டுக்குள் விரலை விட்டுத் துழாவி, வெளியே எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மினுக்கம்கூட இல்லை. ஆனாலும் நெருப்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். விரல் போகாத சந்து எத்தனையோ இருக்கும்.

சனிக்கிழமை தெரிந்த லேத் பட்டறையில் ஒரு கனத்த தட்டும் மூன்று நீள போல்ட்டும் செய்து வாங்கி, வளையத்தின் பின்பக்கம் கொக்கி கொடுத்து இழுக்கிற மாதிரி மாட்டினேன். கால் சுற்று முறுக்குவது, விடுவது, பித்தளைக் கம்பியை வைத்து மரச்சுத்தியால் சுற்றித் தட்டுவது, மறுபடி கால் சுற்று. முழுநாளும் போனது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. முறுக்கை இன்னும் ஏற்றினால் கூடு விரிசல் விட்டுவிடும் என்று கைக்குத் தெரிந்தது.

“முடியலேன்னா சொல்லிருங்க அண்ணாச்சி. திங்கக்கிழமை காலையில மருந்து ரூமுக்கு ஆளு எடுப்பாக. போயி நிக்கணும்ல,” என்றாள் பேச்சி.

“சும்மா இரு தாயி. கழட்டாம விட்டா நான் மெக்கானிக்கு இல்ல,” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வழி ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தபோது, பட்டறைத் தகரம் சூடேறிப் படபடவென்று சத்தம் போட்டது. அதைக் கேட்டதும்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. நம்ம ஊரில் வெடியைக் காயவைப்பதே வெயில்தானே, அந்த வெயில் எனக்கு உதவாதா? கூடு சூட்டில் விரியவேண்டும், வளையம் குளிர்ச்சியில் சுருங்கவேண்டும், அவ்வளவுதான் சங்கதி. சக்கரம் கழற்றிய பக்கத்துக்கு உருளுகிற ஜாக்கி கொடுத்து, நாங்கள் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து பெருசைத் தள்ளி, வலது பக்கம் வெயிலைப் பார்க்க நிறுத்தினோம். கூட்டின் மேல் கறுப்புத் தார்ப்பாய்த் துண்டைச் சுற்றினேன். உச்சி வேளையில் கை வைத்தால் தோல் உரியும் போலச் சுட்டது. மேற்கொண்டு டீக்கடையிலிருந்து கொதிக்கிற தண்ணீர் கொண்டுவந்து, பேச்சி சொன்னபடி லேசாக நனைக்காமல், தண்ணீர் ஓட ஓடச் சாக்கை முக்கிக் கூட்டின் வெளிப்பக்கம் சுற்றினோம். மீன் மார்க்கெட்டில் வாங்கிய ஐஸை நொறுக்கித் துணியில் கட்டி, வளையத்துக்குள் திணித்தாள் பேச்சி.

மூன்று போல்ட்டையும் முறுக்கு ஏற்றிவிட்டு, தொடாமல் நின்றேன். தம்பிகளா, தொடாமல் நிற்பதுதான் கஷ்டம். கை துறுதுறுவென்று வரும், இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு தட்டு என்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சாக்கை மாற்றுவது, ஐஸை மாற்றுவது, நிற்பது. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்.

‘டக்’ என்று ஒரு சத்தம்.

பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கூடு போச்சு,” என்றாள். எனக்கும் அதே நினைப்புத்தான். வார்ப்பு உடைந்தால் அப்படித்தான் கேட்கும். சாக்கை எடுக்கக் கை வரவில்லை. அவள்தான் எழுந்து வந்து எடுத்தாள். விரலால் கூட்டைச் சுற்றித் தடவினாள், ஒரு தரம், மறு தரம். பிறகு என் கையைப் பிடித்து வளையத்தின் விளிம்பில் வைத்தாள். விளிம்பு ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது.

அதற்குப் பிறகு கால் சுற்றுக்குக் கால் சுற்று முனகிக்கொண்டே வந்தது. கடைசியில் கையோடு வந்து விழுந்தபோது, அவள் சிரித்தாள், நான் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்தான்.

புதுப் பேரிங் மாட்டி, சீல் மாற்றி, திங்கட்கிழமை காலையில் பெருசு கிளம்பியது. மிச்சம் இருந்தது அந்த வாளி. அதை என்ன செய்யலாம் என்று நான் கேட்பதற்குள் பேச்சி வாளியை எடுத்து வண்டியில் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். “ஏறுங்க அண்ணாச்சி, கம்பெனி வரைக்கும் போயிட்டு வருவோம்,” என்றாள்.

“யோசிச்சுக்கோ தாயி. லோடு போயிரும்.”

“யோசிச்சிட்டேன்.”

வேலைக்கு ஆட்கள் உள்ளே போகிற நேரம். கேட்டில் போனையும் லைட்டரையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காகப் பதித்திருக்கும் செம்புத் தகட்டை ஒவ்வொருத்தியாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். போர்மேன் பக்கத்திலேயே நின்றார். பேச்சி வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கினாள். அவளும் செருப்பைக் கழற்றினாள், தகட்டைத் தொட்டாள், வாளியைக் கொண்டுபோய் அவர் காலுக்கு முன்னால் வைத்தாள்.

“இது என்ன?”

“ஒங்க சரக்கு. என் ஆக்சில்ல கிடந்துச்சு. குவாரிப் பள்ளத்துல கொட்டுனா ஆடு மேய்க்கிற புள்ளைக கையில ஆம்புடும். இங்கன குழி இருக்குல்ல, அதுல போட்டு அழிங்க. இனிமே என் வண்டியில மூட்டை ஏறாது.”

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். போர்மேன் முகம் சிறுத்துப்போனது. “அப்ப இனிமே இங்கன ஒனக்குத் தண்ணி லோடும் கிடையாது,” என்றார்.

“சரிங்க. வாளியக் காலி பண்ணிக் குடுங்க. அது அண்ணாச்சி வாளி.”

அவர் ஒரு ஆளைக் கூப்பிடத் திரும்பினார். ஒருத்தரும் முன்னால் வரவில்லை. பேச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் அவரே குனிந்து, இரண்டு கையாலும் வாளியைத் தூக்கி, ஒரு சொட்டுத் தளும்பாமல், குழி இருக்கிற பக்கமாக அடி மேல் அடி வைத்து நடந்தார். அந்த மனுஷன் அவ்வளவு மெதுவாக நடந்து அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கழுவின வாளி திரும்பி வருகிற வரைக்கும் பேச்சி அசையவில்லை.

வண்டியில் ஏறினோம். எனக்கு மனசே சரியில்லை. இவ்வளவு பாடுபட்டு வண்டியைக் காப்பாற்றிக் கொடுத்து, கடைசியில் லோடு போயிற்றே என்று. “இனிமே எங்கிட்டு தாயி போவே?” என்று கேட்டேன்.

பேச்சி கியரைப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணி கேக்காத தெரு இந்தச் சிவகாசியில எது அண்ணாச்சி?”